பன்னிரண்டு நாள் போட்டி, ஏழு ஆண்டு அவகாசம்: 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டும் நகரத்து ஏழைகளும்

2003 நவம்பரில் ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பு, 2010ஆம் ஆண்டுப் போட்டிகளை நடத்தும் உரிமையை டெல்லிக்கு அளித்தது. டெல்லிக்கு 46 வாக்குகளும் அதனுடன் மோதிய கனடாவின் ஹாமில்டன் நகருக்கு 22 வாக்குகளும் கிடைத்தன. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றுக்கும் வீரர் பயிற்சிக்கென ஒரு லட்சம் அமெரிக்க டாலர் தருவதாக இந்தியத் தரப்பு முன்வைத்த வாக்குறுதி அந்த வெற்றிக்கு உதவியது என்பது அப்போதே பேசப்பட்டது. 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை பன்னிரண்டு நாட்கள் போட்டிகள் நடந்தன. 71 அணிகள் பங்கேற்றன; 38 தங்கம் உட்பட 101 பதக்கங்களுடன் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. விளையாட்டைப் பற்றி இந்த ஆய்வு சொல்லப்போவது இவ்வளவுதான்.

அந்தப் பன்னிரண்டு நாட்களுக்காக நகரம் எவ்வாறு மாற்றப்பட்டது, அந்த மாற்றத்தின் விலையை யார் கொடுத்தார்கள், பின்னர் நடந்த விசாரணைகளில் அந்த விலை ஏன் கணக்கில் வரவில்லை என்பவையே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்விகள். டெல்லி 2010 என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஊழல். ஏலம் விடாமல் கொடுக்கப்பட்ட ஒப்பந்தங்கள், பல மடங்கு விலைக்கு வாடகைக்கு எடுக்கப்பட்ட பொருட்கள், கைதான அமைப்பாளர்கள். அந்த நினைவு தவறானதல்ல. ஆனால் அது அரசுக் கருவூலம் இழந்ததைப் பற்றிய நினைவு மட்டுமே. ஒரு பைசாகூடத் திருடப்படாமல் இந்தப் போட்டி நடந்திருந்தாலும், கீழே விவரிக்கப்படும் பாதிப்புகளில் பெரும்பகுதி அப்படியே நிகழ்ந்திருக்கும் என்பதே என் முடிவு. அவற்றுக்குக் காரணம் திருட்டல்ல, அவசரம். அந்த அவசரமும் தானாக வந்ததல்ல.

வீணான ஆண்டுகள்

சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இந்த நிகழ்வுக்கான முதன்மை ஆவணம். 2003 மே மாதத்தில், பாதுகாப்புச் செலவையும் விளையாட்டு சாராத கட்டமைப்புச் செலவையும் சேர்க்காமல், மத்திய அரசுக்கு ஆகும் செலவு 297 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. இறுதியில் மத்திய அரசும் டெல்லி அரசும் ஒதுக்கிய தொகை 18,532 கோடி ரூபாய். மெட்ரோ ரயில் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் செய்த முதலீடுகள் இதில் சேராது. சேர்க்கப்பட்ட இனங்கள் வேறு வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது முழுக்கச் சரியாகாது. என்றாலும், எவ்வளவு செலவாகும் என்றே தெரியாமல் ஒரு நாடு இதில் இறங்கியது என்பதற்கு இந்த இடைவெளி போதிய சான்று.

செலவைவிட முக்கியமான ஒன்றை அதே அறிக்கை சொல்கிறது. உரிமை கிடைத்த 2003 நவம்பரிலிருந்து 2006இன் நடுப்பகுதி வரையிலான காலம் உருப்படியாகப் பயன்படுத்தப்படவில்லை. யார் தலைமை, யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதிலேயே அந்தக் காலம் கரைந்தது. கையில் ஏழு ஆண்டுகள் இருந்தும், பெரும்பாலான பணிகள் கடைசி மூன்று ஆண்டுகளில் நெரிந்தன. அதன்பின் ‘நேரமில்லை’ என்பதே எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று. ஒப்பந்தப்புள்ளி விதிகள் தளர்த்தப்பட்டதற்கும் அதுவே காரணம். குடியிருப்பவர்களிடம் கேட்காமல் குடியிருப்புகள் இடிக்கப்பட்டதற்கும், மூன்று ஷிப்ட் வேலை வாங்கப்பட்டதற்கும் அதுவே காரணம். தணிக்கையாளர் இவற்றில் முதலாவதை மட்டுமே அளந்தார். அவருடைய வேலை அதுதான். மற்ற இரண்டையும் அளக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் தரப்படவில்லை.

இடிக்கப்பட்ட குடியிருப்புகள்

டெல்லியில் குடிசைப் பகுதிகள் இடிக்கப்படுவது காமன்வெல்த் போட்டியோடு தொடங்கியதல்ல. 2004இன் தொடக்கத்தில் யமுனையின் மேற்குக் கரையான புஷ்டாவிலிருந்து சுமார் ஒன்றரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். அதற்கு அடிப்படையான உயர் நீதிமன்ற உத்தரவு 2003 மார்ச்சில், அதாவது போட்டி உரிமை கிடைப்பதற்கு முன்பே பிறப்பிக்கப்பட்டிருந்தது. எனவே அந்தக் காலத்தின் எல்லா வெளியேற்றங்களையும் போட்டியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. போட்டி செய்தது வேறு. முன்பே இருந்த ஓர் ஆசைக்கு, ‘குடிசையற்ற உலகத்தரமான தலைநகரம்’ என்ற ஆசைக்கு, அது ஒரு தேதியைக் கொடுத்தது. தேதி இல்லாத திட்டத்தை எதிர்த்து வழக்காடலாம், தேர்தல்வரை தள்ளிப்போடலாம், உள்ளூர்க் கவுன்சிலரைப் பிடித்து நிறுத்தலாம். 2010 அக்டோபர் 3 என்று எழுதப்பட்ட திட்டத்தின் முன் அந்த வழிகள் அனைத்தும் அடைபட்டன.

வசிப்பிட, நில உரிமைகளுக்கான வலையமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வு, 2004 முதல் போட்டியின் பொருட்டு வெளியேற்றப்பட்டவர்கள் குறைந்தது இரண்டு லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அரங்கங்கள், வாகன நிறுத்துமிடங்கள், மேம்பாலங்கள், சாலை விரிவாக்கம், அழகுபடுத்தல், பாதுகாப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. வெளியேற்றப்பட்டோரில் மறுகுடியமர்வு பெற்றவர்கள் சிறு பகுதியினரே. அவர்களுக்குக் கிடைத்த மனைகள் சாவ்தா கேவ்ரா, பவானா போன்ற நகர விளிம்புப் பகுதிகளில் இருந்தன. 1990க்கு முன் வந்ததற்கு ரேஷன் அட்டை போன்ற சான்று வைத்திருந்தவருக்கு 18 சதுர மீட்டரும், அதன்பின் 1998க்குள் வந்தவருக்கு 12.5 சதுர மீட்டரும் ஒதுக்கப்பட்டன. அதற்கும் 7,000 ரூபாய் கட்ட வேண்டும். வீடு கட்டித் தரப்படவில்லை, வெறும் மனை மட்டுமே. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இழப்பு மனையின் அளவில் இல்லை, தூரத்தில்தான் இருந்தது. நடந்துபோய்ச் செய்துவந்த வேலைக்கு நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் சென்று திரும்ப வேண்டுமென்றால், பேருந்துக் கட்டணமும் நேரமும் போக எஞ்சும் கூலிக்காக யாரும் அந்த வேலையைத் தொடர முடியாது. வெளியேற்றம் முதலில் பறித்தது வேலையை.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு நிகழ்வு இதற்குள் இருக்கிறது. தெற்கு டெல்லியின் ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக்கரையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தலித் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வசித்துவந்தன. வீட்டு வேலையும் துப்புரவுப் பணியும் அவர்களுடைய வாழ்வாதாரம். 2010 ஏப்ரலில் அவர்களுடைய வீடுகள், முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்டவை, இடிக்கப்பட்டன. தொடக்க விழா நடக்கவிருந்த ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்துக்கு வாகன நிறுத்துமிடம் தேவைப்பட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இந்த இடிப்புக்கு இரண்டே மாதங்களுக்கு முன், 2010 பிப்ரவரி 11 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் சுதாமா சிங் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, நீதிபதி எஸ். முரளிதர் ஆகியோர் அடங்கிய அமர்வு, குடிசைவாசிகளை இரண்டாந்தரக் குடிமக்களாக நடத்தக் கூடாது என்றும், இடிப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்தையும் கணக்கெடுத்து, அவர்களோடு கலந்துபேசி, மறுகுடியமர்வுக்கு வழி செய்தாக வேண்டும் என்றும் கூறியது. சாலைக்கான நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மாற்றிடம் பெறும் உரிமை இல்லை என்ற அரசின் வாதத்தையும் அது நிராகரித்தது. சட்டம் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டு ஏறத்தாழ இரண்டே மாதங்களில், அதே நகரத்தில், இத்தனை வீடுகள் இடிக்கப்பட்டன. சட்டம் இல்லாமையை இதற்குக் காரணம் சொல்ல முடியாது. தீர்ப்பை மதித்தால் ஆகக்கூடிய கணக்கெடுப்புக்கும் கலந்தாய்வுக்கும் சில மாதங்கள் வேண்டும்; அக்டோபருக்கு இருந்தது ஆறு மாதமே. 2003க்கும் 2006க்கும் இடையில் வீணடிக்கப்பட்ட காலத்தில் ஒரு சிறு பகுதி போதுமாயிருந்திருக்கும்.

இடிக்க நேரமில்லாத இடங்களில் மறைக்கும் உத்தி வந்தது. வடகிழக்கிலிருந்து மூங்கில் கொண்டுவந்து குடிசைப் பகுதிகளின் முன் தட்டிகளாக நட்டுவிடலாம் என்று டெல்லி அரசு திட்டமிட்டது. போட்டி நெருங்கியபோது பல இடங்களில் அந்தப் பணியை, போட்டியின் சின்னமான ஷேரா என்ற புலி சிரிக்கும் பெரிய விளம்பரப் பலகைகளே செய்தன. இந்தத் தட்டிகளைப் பற்றி அன்று எழுந்த கேலியும் கோபமும் நியாயமானவை. ஆயினும் கசப்பான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும்: மறைக்கப்பட்டவர்கள் தங்கள் வீட்டோடு மறைக்கப்பட்டார்கள்.

இதற்கு நேரெதிராக, யமுனையின் கிழக்குக் கரையில் விளையாட்டு வீரர்களுக்கான கிராமம் எழுந்தது. டெல்லி வளர்ச்சி ஆணையமும் ஒரு தனியார் நிறுவனமும் கூட்டாகக் கட்டிய 1,168 அடுக்குமாடி வீடுகள், போட்டி முடிந்ததும் வசதி படைத்தோருக்கு விற்கப்படவிருந்தவை. 2009இல் அந்த நிறுவனம் நிதி நெருக்கடியைச் சொன்னபோது, ஆணையம் 333 வீடுகளை எழுநூறு கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்துத் தானே வாங்கிக் கைகொடுத்தது. ஆற்றின் வெள்ளச் சமவெளியில் நிரந்தரக் கட்டடங்கள் கூடாது என்று சூழலியலாளர்கள் தொடுத்த வழக்கில், அந்த இடம் ஆற்றுப்படுகையும் அல்ல, வெள்ளச் சமவெளியும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009 ஜூலையில் கூறிவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் யமுனை பெருகியபோது கிராமத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, கொசு ஒழிப்பு பெரும் தலைவலியானது. புஷ்டாவின் குடிசைகளை அகற்றச் சொல்லப்பட்ட காரணம் ஆற்றின் தூய்மை என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கட்டியவர்கள்

டெல்லி பெரிய விளையாட்டுப் போட்டி ஒன்றை நடத்தியது இது முதன்முறையல்ல. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. நேரு அரங்கமே அதற்காகக் கட்டப்பட்டதுதான். அந்தக் கட்டுமானப் பணிகளில் நடந்தவற்றை நேரில் விசாரித்த ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. அப்போது நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. ஆள் பிடித்துத் தரும் ஜமாதார் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொள்ள, தொழிலாளியின் கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அறிவித்தது. வறுமையின் நெருக்குதலும் ஒரு வகை வற்புறுத்தலே என்ற அந்தத் தீர்ப்பின் வாதம் இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். ஒரு ரூபாய்க்காக எழுதப்பட்ட தீர்ப்பு அது என்பதைச் சட்ட மாணவர்களும் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அதே சங்கம், அதே நகரத்தில், ஏறத்தாழ அதே குற்றச்சாட்டுகளோடு மீண்டும் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அரங்கங்களின் ஓரத்திலேயே தகரக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். 2010 தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றம், முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் இடம்பெற்ற கண்காணிப்புக் குழுவை அமைத்தது. கட்டுமான இடங்களுக்கு நேரில் சென்ற அந்தக் குழு, குறைந்தபட்சக் கூலி வழங்கப்படாமை, மிகைநேர வேலைக்கு உரிய இரட்டைக் கூலி தரப்படாமை, தலைக்கவசமும் காலணியும் இல்லாத வேலை, போதிய கழிப்பறை இல்லாத தங்குமிடம் ஆகியவற்றைப் பதிவு செய்தது. வேலையிடங்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் நாற்பதுக்கு மேல் என்பதிலிருந்து எழுபதுக்கு மேல் என்பதுவரை எண்ணிக்கைகள் மாறி மாறி வெளிவந்தன.

கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கென 1996இல் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வையாக வசூலித்து நல வாரியத்தில் சேர்க்க வேண்டும். டெல்லியில் பணம் வசூலானது. ஆனால் வாரியத்தில் பதிவு செய்தவருக்கே உதவி கிடைக்கும்; பதிவுக்கு வேலை செய்ததற்கான சான்று வேண்டும்; சான்று தர வேண்டிய ஒப்பந்ததாரர், இடைத்தரகர் மூலம் ஆள் எடுத்திருப்பதால், அந்தத் தொழிலாளி தன்னுடைய ஆளே அல்ல என்று சொல்லிவிடுவார். 1982இன் ஜமாதார் 2010இலும் இருந்தார். அவர் எடுத்துக்கொண்ட பங்கு மட்டுமே கூடியிருந்தது. செப்டம்பர் 21 அன்று நேரு அரங்கத்துக்கு அருகே நடைமேம்பாலம் இடிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தபோது உலகச் செய்திகளில் எழுந்த கேள்வி, வீரர்களுக்கு அந்த நகரம் பாதுகாப்பானதா என்பதாகவே இருந்தது.

தெருவிலிருந்து அகற்றப்பட்டவர்கள்

தெருவோர வியாபாரிகளும் பிச்சை எடுப்பவர்களும் போட்டிக்கு முந்தைய மாதங்களில் அகற்றப்பட்டனர். 1959ஆம் ஆண்டு பம்பாய்ப் பிச்சையெடுப்புத் தடுப்புச் சட்டம் டெல்லியிலும் நடப்பில் இருந்ததால், நடமாடும் நீதிமன்றங்கள் தெருவிலேயே விசாரணை நடத்தின. இந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதவை என்று அறிவித்தது. எட்டு ஆண்டுகள் தாமதமான நிவாரணம். 2009 டிசம்பரின் கடுங்குளிரில் பூசா சாலையிலிருந்த தற்காலிக இரவு உறைவிடத்தை மாநகராட்சி அகற்றியதும், அங்கே தங்கியிருந்தவர்கள் வெட்டவெளிக்கு வந்ததும், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சென்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விடுதி மாணவர்களே போட்டிக்காக அறைகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது என்றால், சான்று ஏதுமற்றவர்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

நிதியிலும் இதே போக்கு இருந்தது. பட்டியல் சாதியினரின் முன்னேற்றத்துக்கென ஒதுக்கப்படும் சிறப்புக் கூறுத் திட்டத்தின் பணத்திலிருந்து, 2006க்கும் 2010க்கும் இடையில் 744 கோடி ரூபாயை டெல்லி அரசு போட்டி சார்ந்த செலவுகளுக்குத் திருப்பிவிட்டது என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தது. சாலையையும் பேருந்தையும் தலித்துகளும் பயன்படுத்துவார்கள் அல்லவா என்பது அரசுத் தரப்பின் விளக்கம். அப்போது உள்துறை அமைச்சராயிருந்த ப. சிதம்பரம், 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நடந்த விவாதத்தில், இந்தப் பணத்தைத் திருப்பியது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஜங்புராவில் வீடிழந்த குடும்பங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய வகைப் பணமும் அந்த அரங்கத்தைச் சுற்றிய பணிகளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நகரம் பெற்றவை

டெல்லிக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்வது பொய்யாகும். மெட்ரோவின் இரண்டாம் கட்டம், 2010 ஜூலையில் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் மூன்றாம் முனையம், தாழ்தளப் பேருந்துகள், பல மேம்பாலங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் மெட்ரோ ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி லட்சக்கணக்கானோரைச் சுமக்கிறது. ஆனால் மெட்ரோவின் திட்டம் போட்டி உரிமைக்கு முற்பட்டது. போட்டி இல்லாவிட்டாலும் வந்திருக்கும், சில மாதங்கள் முன்பின்னாக. போட்டிக்கென்றே கட்டப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை அரங்கங்களும் வீரர் கிராமமும், கிராமத்திலிருந்து நேரு அரங்கத்துக்கு வீரர்கள் நெரிசலின்றிச் செல்ல அமைக்கப்பட்ட பாராபுல்லா உயர்மட்டச் சாலையும்தான். அந்தச் சாலை இன்று தெற்கு டெல்லியின் கார் உரிமையாளர்களுக்கு மிகவும் பயனுள்ளது. அது எழுப்பப்பட்டிருப்பது பாராபுல்லா ஓடையின் மீது.

விசாரணைகள்

போட்டி முடிந்த மறுநாளே விசாரணை அறிவிக்கப்பட்டது. முன்னாள் தணிக்கைத் தலைவர் வி.கே. ஷுங்லு தலைமையில் உயர்மட்டக் குழு அமைந்தது. 2011 ஏப்ரலில் அமைப்புக் குழுவின் தலைவர் சுரேஷ் கல்மாடி கைது செய்யப்பட்டார். மத்தியப் புலனாய்வுத் துறையும் அமலாக்கத் துறையும் வழக்குகள் தொடுத்தன. அமலாக்கத் துறையின் வழக்கு முடிவறிக்கையை 2025 ஏப்ரலில் டெல்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதால் பணமோசடிக் குற்றச்சாட்டு ஆதாரமின்றி முடிந்தது. அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்ட ஊழலின் கதியே இதுவென்றால், பேசப்படாதவற்றின் கதி எளிதில் புரியும். வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை. ஜங்புராவின் அதே ஓடைக்கரையில் எஞ்சியிருந்த மதராஸி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு 2025 ஜூனில், ஓடையைத் தூர்வார வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே தகுதியுள்ளவை எனக் கண்டறியப்பட்டு, தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பெற்றன. இம்முறை கணக்கெடுப்பு நடந்தது, பட்டியல் வெளியானது, ஒரு பகுதியினருக்காவது கட்டிய வீடு கிடைத்தது. 2010க்கும் 2025க்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்கு, இடைப்பட்ட காலத்தில் வந்த தீர்ப்புகளும் மறுகுடியமர்வுக் கொள்கையும் காரணம்; ஒரு விளையாட்டுப் போட்டியின் தேதி குறுக்கே நிற்காததும் காரணம்.

அகமதாபாத் 2030

2025 நவம்பரில், 2030ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் உரிமை அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டது. டெல்லிக்குக் கிடைத்தது ஏழு ஆண்டு அவகாசம். அகமதாபாத்துக்கு ஐந்துக்கும் குறைவு. டெல்லியின் அனுபவம் அங்கே எந்த அளவுக்குச் சட்டமாகச் சென்று சேரும் என்று பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. கூலி பற்றிய 1982 தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தினுடையது. நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும். எனவே குறைந்தபட்சக் கூலி தராத ஒப்பந்ததாரரோடு சேர்த்து, அவரை அமர்த்தும் அரசும் பொறுப்பேற்றாக வேண்டும். இடிப்பதற்கு முன் கணக்கெடுப்பும் கலந்தாய்வும் வேண்டும் என்ற சுதாமா சிங் தீர்ப்போ டெல்லி உயர் நீதிமன்றத்தினுடையது. குஜராத் நீதிமன்றங்கள் அதை மேற்கோள் காட்டலாம். பின்பற்றக் கடமைப்பட்டவை அல்ல. அந்தத் தீர்ப்பின் நிபந்தனைகளைப் போட்டிக்கான ஒப்பந்தத்திலேயே சேர்த்து, குடியிருப்புக் கணக்கெடுப்பு முடியும் தேதியை அரங்க வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் தேதிக்கு முன்னதாக வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாநில அரசின் ஓர் ஆணை போதும். அதைப் பிறப்பிக்க வேண்டிய காலம் கட்டுமானப் பணிகள் சூடுபிடிப்பதற்கு முந்தைய இந்தத் தொடக்க ஆண்டுகள்தான்.